வவுச்சர் அண்ணாச்சியும் குரங்குச் செலவும்

தன் சட்டைப் பையில் இருக்கிற பத்து ரூபாயை எடுத்துத் தன் வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வதற்குக்கூட வவுச்சர் எழுதுகிற மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் உண்டு. ‘கொடுத்தவர்’ என்ற இடத்தில் அவரே ஒரு கையெழுத்துப் போடுவார். ‘பெற்றுக்கொண்டவர்’ என்ற இடத்திலும் அவரே போடுவார். பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து மட்டும் கொஞ்சம் பணிவாகச் சாய்ந்திருக்கும். அவர் தென்காசியில் இருக்கிறார். ஊருக்கு அவர் வவுச்சர் அண்ணாச்சி. ரேஷன் கார்டில் என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு மரக்கடையில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு பழைய டி.வி.எஸ். வண்டியில் மஞ்சள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். டீக்கடை, பஞ்சர் கடை, கோழிக்கடை, இஸ்திரி வண்டி என்று எங்கெல்லாம் கணக்கே கிடையாதோ அங்கெல்லாம் போய் உட்கார்ந்து எழுதுவார். மாசம் முந்நூறு ரூபாய் கூலி. பையில் நாலு நோட்டு, ஒரு வவுச்சர் கட்டு, கார்பன் பேப்பர். குண்டூசிகள் மட்டும் பையில் இருக்காது. சட்டைக் காலரில் வரிசையாகக் குத்தி வைத்திருப்பார். சவூதியிலிருந்து திரும்பிய பால்ய நண்பர் ஒருவர் தென்காசி பஸ் ஸ்டாண்டில் விவரம் தெரியாமல் அவரைக் கட்டிப் பிடித்துவிட்டார். நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட வேண்டியதாயிற்று. செலவை அண்ணாச்சிதான் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ‘நட்பு வகையில்’ என்று வவுச்சர் எழுதி, கன்னத்தில் பஞ்சோடு நின்ற அந்த நண்பரிடமே கையெழுத்து வாங்கினார்.

ஆய்க்குடியில் ஒரு கல்யாணம். மொய் எழுதுகிற மேஜையில் இருநூறு ரூபாயைக் கொடுத்தவர், நகராமல் நின்று நோட்டை எட்டிப் பார்த்தார். பக்கக் கூட்டுத்தொகையில் முந்நூறு ரூபாய் உதைத்தது. அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் பக்கத்திலிருந்து கூட்ட ஆரம்பித்துவிட்டார். பின்னால் மொய்க் கவரோடு நின்ற வரிசை பந்தி நடக்கிற ஹால்வரை போய்விட்டது. பெண்ணைப் பெற்றவர் மணமேடையிலிருந்து ஓடி வந்து கத்தினார்.

“அண்ணாச்சி, முந்நூறு ரூவாதானே, போனாப் போகுது!”

“எங்கவே போகுது? போன எடத்தச் சொல்லும், எழுதிட்டு எந்திரிக்கேன்.”

போன இடம் நான்காம் பக்கம். ஐந்நூற்றை இருநூறாகக் கூட்டியிருந்தார்கள். அன்றைக்கு அண்ணாச்சியைக் கண்டபடி திட்டிய அதே மனிதர், மறுவாரம் தன் பெயிண்ட் கடை நோட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நின்றார்.

இப்படிப்பட்டவர் எங்கள் கடைக்குள் நுழைந்த கதைக்கு வருகிறேன்.

என் மனைவி செல்வியின் தம்பி மாரியப்பன் துபாயில் ஆறு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தான். அவனும் நானும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு, குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடை திறந்தோம். அவன் பாதி துபாய்ச் சேமிப்பு. என் பாதி செல்வியின் நகை; வாரப் பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவனிடம் வேறு என்ன இருக்கும்? கண்ணுக்கு முன்னால் எண்ணெய்ச் சட்டி, மூக்குக்குத் தேங்காயெண்ணெய் வாசனை, சாரல் அடித்தால் கூட்டம். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் சூடான சிப்ஸைக் கண்டால் விலை கேட்க மாட்டார்கள்.

முதல் சீசனில் கல்லாப்பெட்டி மூட முடியாமல் நிறைந்தது. குற்றாலத்துச் சீசன் கடைக்காரர்கள் எல்லோருக்கும் வருகிற வியாதி எங்களுக்கும் வந்தது. கல்லாவில் இருப்பதெல்லாம் லாபம் என்று நம்பினோம். வாழைக்காய்க் கடன் அதில்தான் இருக்கிறது, சீசன் முடிந்து அருவி நூலாக இறங்குகிற மாசங்களின் கடை வாடகையும் அதில்தான் இருக்கிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. சாரல் நின்றது. கடைச் சொந்தக்காரருக்கு வாடகை கொடுக்கப் போனால் முப்பதாயிரம் துண்டு விழுந்தது.

முப்பதாயிரம் எங்கே?

மாரியப்பன் புது பைக் வாங்கியிருந்தான். நான் வீட்டுக்கு வெள்ளை அடித்திருந்தேன். நான் அவன் பைக்கைப் பார்த்தேன். அவன் என் சுவரைப் பார்த்தான். இருவரும் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். மாரியப்பன் வீட்டுக்கு வருவதைக் குறைத்தான். தீபாவளிக்கு அக்காள் வீட்டுக்கு வராமல் பலகாரத்தை மட்டும் ஆட்டோவில் கொடுத்தனுப்பினான். செல்வி அந்தத் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை. இரண்டு நாள் அடுப்படியில் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் என்னிடம் சொன்னாள்.

“இங்க பாருங்க. ஒரு பக்கம் தாலி கட்டுனவரு, ஒரு பக்கம் கூடப் பெறந்தவன். ரெண்டு பேருல ஒருத்தர் களவாணின்னு நெனச்சுக்கிட்டு நான் எப்படிச் சோறு பொங்க? வாற சீசன் ஒண்ணு பாப்பேன். அதுலயும் கணக்கு நேராகலன்னா கடைய மூடிருங்க. எனக்கு எந்தம்பி வேணும்.”

அடுத்த சீசன் தொடங்கிய அன்று, எங்கள் இருவரையும் கேட்காமலே அவள் போய் அழைத்து வந்த ஆள்தான் வவுச்சர் அண்ணாச்சி.

வந்தவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார். கல்லாவைத் திறந்து பார்த்தார்.

“நோட்டு எங்கவே?”

“எல்லாம் மனசுலயே இருக்கு அண்ணாச்சி” என்றேன்.

“மனசுலயா? உம்ம வீட்டுல மொய் நோட்டு இருக்கா?”

“இருக்கு.”

“ஒம்ம மொதப் புள்ள சடங்குக்குப் பெரியப்பா மவன் எவ்வளவு செஞ்சாம்?”

“நூத்தியொண்ணு” என்றேன், யோசிக்காமலே.

“பாத்தீரா! பதினாறு வருஷத்துக்கு முந்தி எவன் நூத்தியொண்ணு செஞ்சாம்னு பக்கம் பொரட்டாமச் சொல்லுதீரு. போன சீசன் கல்லாவுல எவ்வளவுன்னு கேட்டா மோட்டுவளையப் பாக்குதீரு. கல்யாண வீட்டுக்கு நோட்டு போடுத ஊருல கடைக்கு ஒரு நோட்டு இல்லியேவே!”

அன்றிலிருந்து சட்டம் அமலுக்கு வந்தது. கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் எடுத்தாலும் வவுச்சர். விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பில் நோட்டில் ஒரு கோடு. கியூஆர் அட்டையில் பணம் விழுந்ததும் “நூறு ரூபாய் பெறப்பட்டது” என்று அந்தச் சின்னப் பெட்டி கத்துமே, அதையும் அண்ணாச்சி நம்பவில்லை. “பெட்டி சொல்லுச்சுன்னு எழுத முடியாது, அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது” என்று சொல்லி, போனில் வந்த மெசேஜைப் பார்த்துத்தான் எழுதினார். வாடகை மாசத்துக்கென்று ஒரு டப்பாவை வைத்து, தினமும் முதல் ஐந்நூறை அதில் போடச் சொன்னார். டப்பாவுக்கும் தனி நோட்டு.

நாலாம் நாள் ஒரு குரங்கு வந்து கவுண்டரில் இருந்த கால் கிலோ பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்புற மரத்தில் ஏறிவிட்டது. நாங்கள் கல்லெடுத்துக்கொண்டு ஓடினோம். அண்ணாச்சி ஓடவில்லை. வவுச்சர் கட்டைப் பிரித்தார். ‘குரங்குச் செலவு, கால் கிலோ, ரூ.100’ என்று எழுதினார். பெற்றுக்கொண்டவர் இடத்தில் பேனா நின்றது. மரத்தை அண்ணாந்து பார்த்தார். குரங்கு இவரைப் பார்த்துக்கொண்டே பாக்கெட்டைக் கடித்துப் பிரித்தது.

“சாட்சிக் கையெழுத்து நீரு போடும்” என்று என்னிடம் நீட்டினார்.

“குரங்குக்கு நான் சாட்சியா?”

“பின்ன, அது இறங்கி வருமாவே?”

போட்டேன். எத்தனையோ பேருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட மறுத்தவன் நான். குரங்குக்குப் போட்டேன்.

ராயகிரியிலிருந்து செல்வியின் அத்தை குளிக்க வந்தாள். போகும்போது மூன்று பாக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். நான் நல்ல பிள்ளையாக வவுச்சர் எழுதினேன். தலைப்பு, ‘வீட்டுச் செலவு’. அண்ணாச்சி சிவப்புப் பேனாவால் அடித்தார்.

“ராயகிரி அத்தை உம்ம ரேஷன் கார்டுல இருக்காளா?”

“அது எப்படி அண்ணாச்சி இருப்பா?”

“அப்ப வீட்டுச் செலவு இல்ல. வீட்டுச் செலவுன்னா ஒரே அடுப்பு, ஒரே கார்டு. மத்ததெல்லாம் வேற தலைப்பு. வீட்டு ஆளு எவன், வெளியாளு எவன்னு நோட்டுக்குத் தெரியணும்வே. அதுலதான் பாதிக் கடை முங்குது.”

‘உறவினர் செலவு’ என்று மாற்றி எழுதிய பிறகுதான் விட்டார். அவரும் அப்படித்தான். எங்கள் கடையில் ஒரு சிப்ஸைக்கூட ஓசியில் வாயில் போட்டதில்லை. உப்புச் சரியா என்று பார்க்கச் சொன்னால், ஒரு பாக்கெட் வாங்கிக் காசு கொடுத்துவிட்டு, அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்று, “சரியா இருக்கு” என்பார்.

மாசம் முடிந்தது. ஒரு சாரல் மத்தியானம். கூட்டம் குறைந்த நேரம். வாழைக்காய்ச் சாக்குகள் மேல் நான், மாரியப்பன், செல்வி மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணாச்சி நோட்டை விரித்தார். நான் உள்ளுக்குள் தயாராக இருந்தேன். மாரியப்பனின் பைக் பெட்ரோல் மட்டுமே ஐயாயிரம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவன் முகம் வாடாமல் எப்படி மன்னிப்பது என்றுகூட இரண்டு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன்.

“மொதலாளி நம்பர் ரெண்டு, மாரியப்பன். பெட்ரோல் ஆயிரத்தி ஐந்நூறு. சோடா, எண்ணெ சுட்டதுக்குப் பேண்டேஜ், நூறு. மொத்தம் ஆயிரத்தி அறுநூறு.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“மொதலாளி நம்பர் ஒண்ணு. டீ, வடை ஆயிரத்தி எரநூத்தி நாப்பது. பேப்பர், வாரப் பத்திரிகை நானூத்திப் பத்து. ஆட்டோ தொள்ளாயிரம். சில்லறைச் செலவுன்னு எழுதிச் சில்லறையா இல்லாம எடுத்தது ஆயிரத்தி ஐந்நூறு. மொத்தம் நாலாயிரத்தி அம்பது.”

ஒவ்வொரு வவுச்சரிலும் என் கையெழுத்து. எழுத்தாளன் கையெழுத்து என்று அகலமாக வேறு போட்டிருக்கிறேன். செல்வி என்னைப் பார்த்தாள். நான் அருவி இருக்கும் திசையைப் பார்த்தேன்.

“அது போகட்டும்” என்றார் அண்ணாச்சி. “ஆயிரம் கவர் வாங்குனிய. மிச்சம் நூத்தி இருவது. அப்ப எண்ணூத்தி எம்பது பாக்கெட் போட்டிருக்கிய. பில் நோட்டுல வித்தது எண்ணூத்தி ஆறு. குரங்குச் செலவும் உறவினர் செலவும் சேத்துப் பதினொண்ணு. பாக்கி அறுவத்தி மூணு பாக்கெட். ஆறாயிரத்தி முந்நூறு ரூவா. எங்க?”

எண்ணெய் சட்டியில் சலசலத்தது. மாரியப்பன் முகம் கறுத்துவிட்டது. நானும் அவனைத்தான் பார்த்தேன், வெட்கமில்லாமல். செல்வி சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் அவன் எழுந்து போயிருப்பான். போனால் திரும்பி வந்திருக்க மாட்டான்.

அப்போது ஒரு குடும்பம் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் ஒதுங்கியது. தலையில் துண்டு கட்டியிருந்த பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார்.

“சார், நீங்க வாரப் பத்திரிகையில எழுதுதவருதானே? போட்டோவுல பாத்திருக்கேன். வீட்டுல எல்லாரும் உங்க எழுத்துக்கு அடிமை சார்!”

“அப்படியா! ரொம்பச் சந்தோஷம்” என்று நான் எழுந்தேன். என் கை அது பாட்டுக்குப் போய் ஒரு கால் கிலோ பாக்கெட்டை எடுத்தது. அது பாட்டுக்கு அவரிடம் நீட்டியது.

பாதி வழியில் கை நின்றது.

திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அறுவத்தி நாலு” என்றார் அண்ணாச்சி.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கே தெரியாது. ரூபாயாக எடுத்தால்தானே எடுப்பது? சிப்ஸைக் கொடுப்பது செலவு என்று என் புத்தியில் ஏறவே இல்லை. “உங்க எழுத்து” என்று எவனாவது ஆரம்பித்தாலே ஒரு கால் கிலோ. சிரித்தார்கள் என்றால் அரைக் கிலோ. போன சீசன் மூன்று மாசமும் இதேதான். வவுச்சரில் நாலாயிரம், பாக்கெட்டில் ஆறாயிரம், மாசம் பத்தாயிரம் என்றால் மூன்று மாசத்துக்கு எவ்வளவு என்று கூட்ட எனக்குக் கணக்கப்பிள்ளை தேவைப்படவில்லை. முப்பதாயிரம். களவாணி நான்தான். ஒரு வருஷமாக என் கண்ணாடியில் தெரிந்த ஆளைத்தான் மாரியப்பனின் பைக்கில் தேடிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் குழம்பிப்போய் நின்றார். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாசகரிடம் சொன்னேன்.

“நூறு ரூபா சார்.”

அவர் கொடுத்தார். நல்ல மனிதர். இன்னும் படிக்கிறாரா என்று தெரியவில்லை.

குடும்பம் போனதும் மாரியப்பன் முதலில் சிரித்தான்.

“அத்தான், இத்தன நாளும் ஒங்க வாசகர்கள நான்லா வளத்திருக்கேன்! பைக்கு துபாய்க் காசு அத்தான். கேட்டிருந்தா பில்லக் காட்டியிருப்பேன்லா.”

“நீயாவது என்கிட்ட கேட்டிருக்கலாமே மாப்ள.”

“ஒங்ககிட்ட எப்படிக் கேக்க? அக்கா வீட்டுக்காரர்லா!”

அவன் சிரித்ததில் செல்விக்கு அழுகை வந்துவிட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். முன்பு யோசித்து வைத்த இரண்டு வாக்கியமும் ஆள் மாறிப் பயன்பட்டன.

அண்ணாச்சி திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கார்பன் பேப்பரை மடித்துக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

“குடுத்தது தப்பில்லவே. எழுதாததுதான் தப்பு. எனக்கும் எந்தம்பிக்கும் செங்கோட்டையில ஒரு பலசரக்குக் கடை இருந்துச்சு. நோட்டு கெடையாது. நான் எடுத்தேம்னு அவன் நெனச்சான், அவன் எடுத்தாம்னு நான் நெனச்சேன். யாரு எடுத்தான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நாலு வவுச்சர் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். இப்பவும் சில நாளு ஒரே பஸ்ல ஏறுவோம். அவன் முன்வாசல்ல, நான் பின்வாசல்ல.”

இவ்வளவுதான் சொன்னார். உடனே, “எம்மா செல்வி, எங்கூலி முந்நூறு, வவுச்சர் போடு” என்று பேச்சை மாற்றிவிட்டார். ஊர் முழுக்கச் சிரிக்கிற அந்த வவுச்சர் கட்டை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன். மனிதர் பணத்துக்காக எழுதவில்லை. வேறு எந்தக் கடையிலும் இரண்டு பேர் அப்படி பஸ் ஏறக் கூடாது என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

கடை இன்றைக்கும் இருக்கிறது. எனக்கும் மாரியப்பனுக்கும் மாசச் சம்பளம். வாசகர்களுக்கு மாசம் பத்து பாக்கெட் என்று ஒரு வரம்பு, அதற்கு ‘விளம்பரச் செலவு’ என்று கௌரவமான தலைப்பு. குரங்குச் செலவு சீசனுக்குச் சீசன் ஏறிக்கொண்டுதான் போகிறது. நோட்டுகளைச் செல்வி எழுதுகிறாள். அண்ணாச்சிக்கு முட்டி வலி வந்து வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டதால், அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். காலரில் இருந்த குண்டூசிகளில் பாதியை அவளுக்குக் கொடுத்தார், வவுச்சரோடு.

இந்த வருஷம் முதல் சாரல் விழுந்த அன்று, முதல் ஈடு சிப்ஸில் ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு தென்காசியில் அவர் வீட்டுக்குப் போனேன். தனியாள். ஒரு நாற்காலி, ஒரு கட்டில், சுவர் முழுக்க மற்றவர்களின் பழைய நோட்டுகள்.

“எவ்வளவுவே?” என்று சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

“காசு வேண்டாம் அண்ணாச்சி.”

“ஓசியா? அப்ப வவுச்சர் எங்க?”

நீட்டினேன். செல்வியின் கையெழுத்தில் இரண்டு பிரதியும் சுத்தமாக இருந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதி பார்த்தார், எடை பார்த்தார், தொகை பார்த்தார். தலைப்புக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

‘வீட்டுச் செலவு.’

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். ஒரே அடுப்பா, ஒரே கார்டா, என் பேரு இருக்கா? கையில் சிவப்புப் பேனாவும் வைத்திருந்தார். நான் காத்திருந்தேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை மாற்றி, பெற்றுக்கொண்டவர் இடத்தில் கையெழுத்துப் போட்டார். பாக்கெட்டைப் பிரித்து ஒரு சிப்ஸை வாயில் போட்டுக்கொண்டார். நான் பார்த்து அவர் தின்ற முதல் ஓசிச் சிப்ஸ் அது. பிறகு இரண்டு பிரதியையும் நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்று கடைக் கோப்புக்குத் திரும்பி வர வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

இந்த வருஷக் கணக்கில் எங்களுக்கு ஒரு வவுச்சர் குறைகிறது. செல்வியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டு ஆளிடம்தானே இருக்கிறது.